ஒரு மாட்டுக்கான ரசீது

பாக்கெட் பால் விலையை அரசு குறைத்துவிட்டது என்ற செய்தி வந்தபோது நான் கறந்து முடித்த செவலை மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தேன். சாயங்காலப் பால் ஊற்றுவதற்காகக் கோவில்பதாகையில் உள்ள அடுக்குமாடிக்குப் போயிருந்த என் கணவர் அங்கிருந்து போன் செய்தார். வாசலிலேயே அவரை நிறுத்தி நாலு பேர் கேட்டுவிட்டார்களாம்.

“டிவில சொல்லிட்டாங்களாம்மே. லிட்டருக்கு எறக்கிட்டாங்களாம். நீங்க எப்ப எறக்குவீங்கன்னு கேக்கறாங்க. இன்னா சொல்றது?”

“நம்மள யாரு எறக்கச் சொன்னது? அது பாக்கெட்டு பாலுக்குத்தானே?”

“அத நீயே வந்து சொல்லு” என்று போனை வைத்துவிட்டார்.

நாங்கள் பரம்பரையாக மாடு வளர்த்தவர்கள் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதித் துணி கம்பெனியில் நான் காஜா அடித்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்துத் தெருவில் லேத் பட்டறையில் இருந்தார். முதலில் என் கம்பெனி மூடியது, பிறகு அவர் பட்டறை. வெள்ளானூரில் அவருடைய சித்தப்பா மனைக்குப் பின்னால் காலி இடம் கிடந்தது. அதில் தகரக் கொட்டகை போட்டு, கடனில் இரண்டு ஜெர்சிக் கலப்பு மாடுகள் வாங்கினோம். அது ஆறானது. பால் கறக்கக் கற்றுக்கொண்டது செல்போனில் வீடியோ பார்த்து என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை அதுதான்.

காலைப் பால் கூட்டுறவு சொசைட்டிக்குப் போகும். அங்கே கொடுக்கும் விலையை அரசுதான் முடிவு செய்கிறது. சின்ன மிஷினில் பாலை விட்டு, கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு என்று பார்த்து, அதற்குத் தகுந்தபடி போடுவார்கள். சாயங்காலப் பாலில் பாதி ஒரு தனியார் கம்பெனி வேனுக்கு, மீதி அடுக்குமாடிக்கு. இந்த மூன்றையும் வைத்துத்தான் எங்கள் வண்டி ஓடியது.

விலை குறைப்பு வந்தபோது சொசைட்டியில் எங்களுக்குக் கொடுக்கும் விலை குறையவில்லை. “உங்களுக்கு இன்னா நஷ்டம்? கவர்மெண்ட்டு அது கையில இருந்து குடுக்குது” என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அரசுப் பாக்கெட் விலை இறங்கியதும் கடைகளில் தனியார் பாக்கெட் தேங்கியது. அவர்களும் இறக்க வேண்டி வந்தது. இறக்கியதை அவர்கள் தங்கள் லாபத்திலிருந்து எடுக்கவில்லை. வேன்காரர் ஒரு சாயங்காலம் கேனைத் தூக்கி வைத்துக்கொண்டே, “இன்னிலேர்ந்து ரேட்டு கம்மிக்கா. மேலேர்ந்து சொல்லிட்டாங்க” என்றார். மேலே என்றால் யார் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் ஈரோட்டுப் பக்கத்துப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பாதி நாள் வீட்டிலிருந்தே பார்ப்பாள். மறுநாள் பால் ஊற்ற நானே போனேன். அவள் லிஃப்ட் பக்கத்தில் என்னைத் தனியாக அழைத்துப் பேசினாள்.

“தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. குரூப்ல எல்லாரும் கேட்டுட்டே இருக்காங்க. பாக்கெட்டே இறங்கிருச்சுங்களே.”

“மாட்டுத் தீனி எறங்கலியேம்மா.”

“எனக்குப் புரியுதுங்க. அவங்களுக்கு நான் என்னன்னு சொல்றது? பாதிப் பேரு பாக்கெட்டுக்கே மாறிக்கறேங்கறாங்க.”

குறைத்தேன். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. படியிறங்கி வரும்போது கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கீழே நிறுத்தியிருந்த பால் வண்டியை மறந்துவிட்டு நடந்தே தெருமுனை வரை வந்துவிட்டேன். பிறகு திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.

தவிடும் புண்ணாக்கும் எங்களுக்குப் பூந்தமல்லியிலிருந்து வரும். அங்கே தீவனக் கடை வைத்திருக்கும் பாய் தன் குட்டி யானை லோடு வண்டியில் அவரே கொண்டுவந்து இறக்குவார். அந்த வாரம் மூட்டை விலை மறுபடி ஏறியிருந்தது.

“பாலுக்கு வெல கட்டுற கவர்மெண்ட்டு புண்ணாக்குக்கு மட்டும் ஏன் பாய் கட்ட மாட்டேங்குது?” என்று கேட்டேன்.

“அத என்கிட்ட கேட்டா? மில்லுகாரன் போடற வெலதான் தங்கச்சி. நான் இன்னா வீட்லயா ஆட்டறேன்?” என்றவர், இறக்கிய மூட்டையின் மேலேயே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பால் குடிக்கிறவங்க நெறைய பேரு. புண்ணாக்கு துண்றது மாடு மட்டும்தான். ஓட்டு இல்லாத ஜீவன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு உட்கார முடியாத ஒரு வியாதி எனக்குப் பிடித்துக்கொண்டது. சாணம் அள்ளும்போதும் செல்போனை இடுப்பில் செருகியிருப்பேன். அரசு கொள்முதல் விலையை ஏற்றப் போகிறது என்று ஒரு சேனல் சொல்லும். இல்லை என்று இன்னொன்று சொல்லும். சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவேன். “கொஞ்சம் குந்து மே, உன்ன பாத்தா எனக்கு படபடங்குது” என்பார் அவர். உட்கார்ந்தால் கணக்கு ஓடும். அதனாலேயே உட்காரமாட்டேன்.

தீனியைக் குறைத்தோம். கறக்கிற மாடுகளுக்குக் குறைத்தால் கொழுப்பு இறங்கிவிடும், சொசைட்டி மிஷின் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே குறைத்தது எல்லாம் கறக்காத மாட்டுக்குத்தான். செவலை அப்போது நிறைசினை. பால் வற்றவைத்திருந்தோம். அதற்கு வைக்கோலும் தண்ணீரும்தான் அதிகம் கிடைத்தது. அது தொட்டியை நக்கி நக்கிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும். அதைப் பார்க்க முடியாமல் கயிற்றை அவிழ்த்துவிட ஆரம்பித்தேன். கொட்டகைக்கு அப்பால் மனை போட்டு விற்ற நிலங்கள். எல்லைக் கற்களுக்கு நடுவில் புல் வளர்ந்து கிடக்கும். மேய்ந்துவிட்டு அதுவாகவே வந்துவிடும்.

அந்த நாட்களில்தான் மாநகராட்சி ஆட்டோ ஒலிபெருக்கியோடு சுற்றியது. மாடு வைத்திருப்பவர்கள் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும், காதில் அடையாள வில்லை மாட்ட வேண்டும், ரோட்டில் திரியும் மாட்டைப் பிடித்தால் அபராதம், பிடித்துவைத்த நாளுக்குப் பராமரிப்புச் செலவு தனி. கேட்டுவிட்டு என் கணவர், “அடுத்த மாசம் கட்டிக்கலாம்” என்றார். அந்த மாதம் வந்தது, அடுத்த மாதத்துக்குப் போனது.

ஒரு நாள் செவலை திரும்பி வரவில்லை.

மனைகளில் தேடினேன். ஏரிக்கரைப் பக்கம் போனேன். கன்று போடுகிற நேரம் நெருங்கியிருந்தது, மடி இறங்கி, வாலடி எலும்பு தளர்ந்திருந்தது. எங்காவது பள்ளத்தில் விழுந்துவிட்டதோ என்று குழி குழியாக எட்டிப் பார்த்தேன். முத்தாபுதுப்பேட்டை ரோட்டில் காய்கறிக் கழிவு கொட்டும் இடத்துக்கு ஓடினேன். எதிரே டீக்கடையில் இருந்தவர், நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

“செவப்பு மாடா? வவுறு பெருசா? லாரில ஏத்திகினு போய்ட்டாங்கக்கா. ஏறவே மாட்டேன்னுச்சு பாவம். நாலு பேரு தள்ளி ஏத்துனாங்க.”

நாலு பேர் தள்ளி ஏற்றினார்கள் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் கைகள் தாமாகவே என் வயிற்றைப் பிடித்துக்கொண்டன. ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பிடித்த மாடுகளை அடைக்கும் மாநகராட்சிப் பட்டி எங்கே என்று டிரைவரிடம் கேட்டு, வழியெல்லாம் அவரை விரட்டினேன். என் கணவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுத்தபோது எனக்குக் கத்தத்தான் வந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. “நான் கார்ப்பரேஷன் ஆபீஸுக்குப் போய்ப் பணத்த கட்றேன். நீ மாட்டாண்ட போ” என்றார்.

பட்டி என்பது சுற்றுச்சுவரும் தகரக் கூரையும் உள்ள இடம். வாசலில் காவல்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்.

“ரசீது கீதா?”

“வீட்டுக்காரர் கட்டப் போயிருக்காரு. மாட்ட மட்டும் பாத்துட்டு வந்துடறேங்க.”

“ரசீது இல்லாம உள்ள வுட மாட்டேன்மா. உன்ன வுட்டா இன்னொருத்தன் வருவான். அவுத்துகினு போய்டுவான். என் வேலதான் போவும்.”

“கன்னு போடற மாடுங்க. இன்னிக்கா நாளைக்கான்னு இருக்குது. லாரில தள்ளி ஏத்தியிருக்காங்க. நீங்களே ஒரு தபா உள்ள போயிப் பாருங்க. நான் இங்கியே நிக்கறேன்.”

அவர் முனகிக்கொண்டே எழுந்து போனார். போனவர் போன வேகத்தைவிட அதிக வேகத்தில் திரும்பிவந்தார். “யம்மா, தண்ணிக்கொடம் ஒடஞ்சிடுச்சுமா. நீ வா, நீ வா” என்று கேட்டைத் திறந்தார்.

செவலை சுவரோரம் நின்று, படுத்து, மறுபடி எழுந்து, திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தது. தரை முழுக்கச் சகதி. என் குரலைக் கேட்டதும் கழுத்தை நீட்டிக் கத்தியது. வைக்கோல் இருந்தால் கொடுங்கள் என்றேன். காவல்காரர் இரண்டு கட்டு கொண்டுவந்து பரப்பினார். அப்போது என் கணவர் போன் செய்தார்.

“இன்னாமே, லைசென்ஸ் எடுத்தாதான் அபராதமே வாங்குவாங்களாம். லைசென்ஸ் ஆன்லைன்ல போடணுமாம். இங்க கம்ப்யூட்டர் சென்டர்ல கூட்டம். சர்வர் வேற சுத்திகினே கீது.”

யாரைக் கேட்பது என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஈரோட்டுப் பெண்ணின் பெயர் கண்ணில் பட்டது. லிஃப்ட் பக்கத்தில் நடந்த பேச்சுக்குப் பிறகு அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாத்திரத்தில் ஊற்றிவிட்டு வந்துவிடுவேன். இருந்தாலும் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும், “ஆதார் போட்டோ, மாடு போட்டோ, கொட்டகை போட்டோ அனுப்புங்கக்கா. மீட்டிங்ல இருக்கேன். பரவால்ல, போட்டுடறேன்” என்றாள். கொட்டகையின் போட்டோ எப்போதோ எடுத்தது இருந்தது. மாட்டின் போட்டோவை அங்கேயே எடுத்தேன். அதில் செவலையின் பின்பக்கம்தான் விழுந்தது.

முதலில் தெரிந்தது குளம்புதான். ஆனால் உள்ளங்குளம்பு வானத்தைப் பார்த்திருந்தது. கன்று பின்னங்கால் முன்னால் வருகிறது. இப்படி வந்தால் நேரம் இழுக்கக் கூடாது, உள்ளேயே மூச்சு முட்டிப் போகும். டாக்டருக்குப் போன் போட்டேன். திருநின்றவூரில் இருக்கிறார், வருவதற்கு நேரமாகும். அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். மாட்டை ஏற்றிக்கொண்டு போவதற்காக என் கணவர் சொல்லி, தீவனக் கடை பாய் குட்டி யானையோடு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், எங்கோ விசேஷத்துக்குக் கிளம்பியவர்போல.

“பாய், இழுக்கணும்” என்றேன்.

சட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டு வந்தார். தோள் துண்டை இரண்டாகக் கிழித்துக் காலில் சுற்றினோம். செவலை முக்கும்போது இழுப்பதும், அது மூச்சு வாங்கும்போது விடுவதுமாக நானும் அவரும். காவல்காரர் மாட்டின் தலைப்பக்கம் உட்கார்ந்து, “முக்குமா, முக்குமா” என்று மாட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இடுப்பு வரை வந்தது, நின்றுவிட்டது. தீனியைக் குறைத்தது, கயிற்றை அவிழ்த்தது, லாரியில் தள்ளியது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்து என் பிடி தளர்ந்தது. “இப்ப வுடாத தங்கச்சி, இப்ப வுடாத” என்று பாய் கத்தினார். இரண்டு பேரும் சகதியில் பின்பக்கமாக விழுந்தோம். கன்று எங்கள் கால்மேல் வந்து விழுந்தது.

அசையவில்லை. மூக்கிலும் வாயிலும் இருந்த கோழையை விரல்விட்டு வழித்தேன். பாய் பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்தேன், அடித்தேன் என்றே சொல்லலாம். ஒரு தும்மல் வந்தது. பிறகு இன்னொன்று. செவலை தள்ளாடி எழுந்து வந்து எங்களை முட்டி விலக்கிவிட்டுக் கன்றை நக்க ஆரம்பித்தது. கிடாரிக் கன்று.

சுகாதார ஆய்வாளர் வந்தபோது நாங்கள் மூவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். அவர் கன்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பாயின் பனியனைப் பார்த்தார். சற்று நேரத்தில் என் கணவரும் ரசீதோடு வந்து சேர்ந்தார். உரிமம் ஏறிவிட்டது, அபராதமும் கட்டியாயிற்று. அபராதம் செவலை ஒரு மாதம் கறந்தாலும் தேறாத தொகை.

காவல்காரர்தான் வாயை விட்டார். “சார், ரசீதுல ஒரு மாடுதான் கீது. கன்னுக்கு?”

எல்லோரும் ஆய்வாளரைப் பார்த்தோம். அவர் ரசீதைத் திருப்பிப் பார்த்தார். “புடிச்சது ஒரு மாடு. வெளிய விடறதும் ஒரு மாடு. கன்னு எப்படி வந்துதுன்னு எனக்குத் தெரியாது” என்று கையெழுத்துப் போட்டார். பாய் சிரித்துவிட்டார். நானும் சிரிக்கப் போனேன், ஆனால் ஆய்வாளர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“இங்க பாரும்மா. போன மாசம் இதே ரோட்டுல ஒரு பையன் பைக்ல வந்து மாட்டு மேல மோதி, கால் போயிடுச்சு. அவங்க அம்மாவும் என்கிட்ட வந்து இப்படித்தான் அழுதாங்க. நான் யாருக்குப் பதில் சொல்றது? அடுத்த தடவை ரெட்டிப்பு அபராதம். மூணாவது தடவை மாடே திரும்பி வராது.”

தீனி விலையைச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அந்தக் கால் போன பையனுக்கு முன்னால் அது நிற்காது என்று தோன்றியது. “கட்டி வெச்சுக்கறேன் சார்” என்றேன்.

குட்டி யானையில் செவலையையும் கன்றையும் ஏற்றி வீட்டுக்கு வந்தோம். சீம்பாலைக் கன்றுக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தைக் காய்ச்சிப் பாய் வீட்டுக்கும் ஈரோட்டுப் பெண்ணுக்கும் கொடுத்தனுப்பினேன். சீம்பால் ரொம்ப நல்லாருக்குங்கக்கா என்று செய்தி அனுப்பினாள். பால் விலையைப் பற்றி அவளும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

என் கணவர்தான் பேச்சை எடுத்தார். “எல்லாத்தையும் கட்டிவெச்சு தீனி போட்டா கட்டுப்படியாவாது. அவுத்து வுட்டா புடிச்சிகினு போவாங்க. இன்னா பண்ணப்போறோம்?”

“ரெண்ட வித்துடலாம்.”

“செவலையவா?”

“அத இல்ல.”

இரண்டு மாடுகளைத் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் ஓட்டிக்கொண்டு போனார். செவலை போக மற்ற மூன்றுக்கும் உரிமம் எடுத்து, நான்கின் காதிலும் மஞ்சள் வில்லை மாட்டினோம். என் கணவர் தண்ணீர் லாரி ஓட்டப் போய்விட்டார். காலையில் கறந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்றதெல்லாம் நான்.

சொசைட்டியில் உற்பத்தியாளர் கூட்டம் போட்டார்கள். மேலதிகாரி ஒருவர் வந்திருந்தார். தரம், சுத்தம், கேன் கழுவும் முறை பற்றியெல்லாம் பேசினார். கேள்வி உண்டா என்றதும் எழுந்தேன். எனக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. குரல் கீச்சென்று வந்தது.

“சார், பால் என்ன வெலைக்கு விக்கணும்னு நீங்க சொல்றீங்க. மாட்ட கட்டிதான் வளக்கணும்னும் நீங்க சொல்றீங்க. தலைக்கு எவ்ளோ கட்டணும்னும் சொல்றீங்க. எல்லாம் சரி. கட்டி வளக்கறதுக்கு என்ன செலவு ஆவுதுன்னு ஒரு நாளு எங்க கொட்டாய்க்கு வந்து பாத்துட்டு அப்புறம் வெலைய சொல்லுங்க.”

கைதட்டினார்கள். அதிகாரி, உரிமம் மாநகராட்சி விஷயம், எங்கள் துறை வேறு என்றார். பால் விலை பற்றி அரசுக்கு எழுதியிருக்கிறோம் என்றார். கொட்டகைக்கு யாரும் வரவில்லை. ஆனால் சில மாதங்கள் கழித்துக் கொள்முதல் விலையைக் கொஞ்சம் ஏற்றினார்கள். என் பேச்சால்தான் என்று பாய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிறைய இடங்களில் நிறைய பேர் ரோட்டில் நின்று கேட்டிருந்தார்கள்.

அடுக்குமாடியில் நானே போய் நின்று, அடுத்த மாதத்திலிருந்து விலை ஏறும், முடிந்தவர்கள் வாங்குங்கள் என்று சொன்னேன். பாதிப் பேர் பாக்கெட்டுக்குப் போனார்கள். ஈரோட்டுப் பெண் எங்களிடமே வாங்கினாள். போனவர்களில் மூன்று வீடுகள் திரும்பி வந்தன. மற்றவர்கள் படியில் பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போகிறார்கள். எனக்கும் கோபமில்லை. அவர்களுக்கும் மாதச் சம்பளம்தான்.

நேற்றுக் காலை சொசைட்டி வரிசையில் நின்றபோது முன்னால் இருந்தவர், மறுபடி விலை மாற்றம் வருகிறதாம் என்றார். வரிசை முழுக்கப் போனை எடுத்தது. ஒரு சேனலிலும் ஒன்றும் இல்லை. பால் ஊற்றிவிட்டு, மிஷின் காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவர் லாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

“ஏத்தமா, எறக்கமா?” என்று கேட்டார்.

“தெரில.”

சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தார். பிறகு தவிட்டு மூட்டையை என் கைக்கு எட்டும் இடத்தில் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். எனக்கு அப்போதும் உட்காரத் தோன்றவில்லை. தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தவிட்டைக் கரைக்க ஆரம்பித்தேன்.